பென் டிரைவில் மிருதங்கம் எங்கே? கச்சேரி ஒலிப்பதிவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேட்டரி, மெமரி கார்டு, கூடுதல் கேபிள் பற்றியெல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கச்சேரி ஒலிப்பதிவுக்குப் புதிதாக வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் வேறு சில தவறுகள் இவை. பாதி நானும் செய்தவைதான், அதனால்தான் சட்டென்று கண்ணில் படுகின்றன.

மிக்ஸரின் ஸ்டீரியோ அவுட்டையே ரெக்கார்டிங் என்று நம்புவது

ஸ்டீரியோ அவுட் என்பது எல்லா மைக்கையும் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஒலி. அதையே பதிவு செய்வதைப் பார்த்தால் இன்னும் எனக்குக் கோபம் வரும். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று என மேடையில் ஆறு மைக் இருக்கும். பதிவு செய்ய வந்த தம்பி மிக்ஸரில் பென் டிரைவைச் செருகி, பட்டனை அமுக்கிவிட்டு கேன்டீனுக்குப் போய்விடுவார்.

மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் கலப்பது அந்த ஹாலுக்காக. சின்ன ஹாலில் மிருதங்கம் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும். அதனால் அதன் ஃபேடரை, அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை, இறக்கிவைத்து, பாட்டை ஏற்றுவார். நேரில் கேட்பவருக்கு எல்லாம் அளவாக இருக்கும். பென் டிரைவுக்கோ ஸ்பீக்கருக்குப் போனது மட்டும்தான் வந்து சேரும். வீட்டில் போட்டால் பாடகர் காதுக்குள் பாடுவார், மிருதங்கம் பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல் இருக்கும். இப்படி ஒரு பதிவைக் கேட்டுவிட்டு மூத்த மிருதங்க வித்வான் ஒருவர், "ஏம்ப்பா, அன்னிக்கு நான் வந்திருந்தேனா?" என்று கேட்டார். பதிவு செய்த தம்பிக்குப் பதில் வரவில்லை. கலந்ததைப் பிரிக்க இப்போது மென்பொருள்கள் உண்டு. ஆனாலும் அப்படி மீட்ட சாப்பில் (மிருதங்கத்தின் ஒரு அடி) உயிர் இருப்பதில்லை.

ஒவ்வொரு மைக்கும் தனி டிராக்கில் போக வேண்டும். பல டிஜிட்டல் மிக்ஸர்கள் யுஎஸ்பி வழியாகவே இதைத் தரும். பெஹ்ரிங்கர் எக்ஸ்32 என்றால் 32 டிராக் வரை. ஃபேடர், ஈக்யூ, கம்ப்ரஸர் என ஒலியை மாற்றும் எல்லாவற்றுக்கும் முன்னாலிருந்து எடுங்கள்.

அதோடு வேலை முடியவில்லை. நடுவில் வித்வான் விரலை மேலே காட்டி மானிட்டரை, அதாவது தனக்குக் கேட்க மேடையில் வைத்த ஸ்பீக்கரை, ஏற்றச் சொல்வார். மைக் செட்காரர் அவசரத்தில், மைக்கிலிருந்து உள்ளே வரும் ஒலியையே கூட்டும் கெயினைத் திருகிவிடுவார். உங்கள் டிராக்கில் ஆலாபனை நடுவே குரல் எகிறும். கச்சேரிக்கு முன்பே ஒரு காபி வாங்கிக் கொடுத்து, "அண்ணே, மானிட்டர் சென்ட்ல ஏத்திக்குங்க, கெயினை மட்டும் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவில் பாதி வேலை இந்தப் பேச்சுதான்.

சவுண்ட் செக்கை நம்பி லெவல் வைப்பது

சவுண்ட் செக்கில் நாலு தட்டுத் தட்டுவதும், தாளக் கருவிகள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை (முத்தாய்ப்பான தாள அமைப்பு) வைப்பதும் ஒன்றல்ல. சவுண்ட் செக்கில் மீட்டரின் உச்சம் மைனஸ் 18 டெசிபல் பக்கம் நிற்கட்டும். 24 பிட்டில் பதிவு செய்தால் இரைச்சல் வரும் என்று பயப்பட வேண்டாம்.

வலந்தலையும் தொப்பியும்

மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலைக்கும் இடப்பக்கமான தொப்பிக்கும் வைத்த இரண்டு மைக்கும் எதிரெதிரே பார்ப்பதால், ஒன்றின் ஒலியை மற்றது அடித்துவிடலாம். ஒன்றின் போலாரிட்டியை (ஒலி அலையின் மேல்கீழை) மாற்றி, இரண்டையும் ஒன்றாகக் கலந்த மோனோவில் கேளுங்கள். மாற்றியதில், மாற்றாததில் எதில் தொப்பியின் கனம் கூடுகிறதோ அதுவே சரி.

ஹால் மைக்கை அப்படியே சேர்ப்பது

மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி வைத்த மைக்குக்குச் சத்தம் போய்ச்சேர ஏறக்குறைய 29 மில்லிசெகண்ட் ஆகும். அந்த டிராக்கை மென்பொருளில் நகர்த்திப் பொருத்தாமல் கலந்தால் ஒவ்வொரு அடியும் குழையும்.

மேடை ஃபேன்

மைக் பக்கம் திரும்பக் கூடாது.

எஃப்ஏடி32 கார்டு

எஃப்ஏடி32 என்பது மெமரி கார்டில் கோப்புகளை அடுக்கும் ஒரு முறை. இதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஆறு டிராக்கும் ஒரே கோப்பாகப் போனால் 80 நிமிடம் தாண்டியதும் நிரம்பிவிடும். பெரும்பாலும் அது தனி ஆவர்த்தன நேரம். சில கருவிகள் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்கும், சில நின்றுவிடும். உங்களுடையது எந்த ரகம் என்று வீட்டிலேயே இரண்டு மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.