வீட்டுப் பஞ்சத்தில் மாநகராட்சி வீடு கட்டுவது எப்படி: வியன்னா காட்டிய வழி

வீட்டுத் தட்டுப்பாடு முற்றியதும் பல மாநகராட்சிகள் முதலில் வரைபடத்தைக் கையில் எடுக்கின்றன. அடித்தளம் எழும்போதே பணம் தீர்ந்துவிடுகிறது. பணம், மனை, வரைபடம், பொருள், ஒதுக்கீடு என்ற வரிசையில் போனால்தான் வேலை நடக்கும். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா அப்படித்தான் போனது.

முதலில் பணம். கடன் வாங்கிக் கட்டினால் வட்டியும் வாடகையில் ஏறும், ஏழைக்கு வீடு எட்டாது. 1922 தொடக்கத்தில் வியன்னா தனி மாநிலமாகி, வரி போடும் அதிகாரம் பெற்றது. அடுத்த ஆண்டே நிதிப் பொறுப்பாளர் ஹியூகோ பிரைட்னர் வீட்டுவசதி வரியைக் கொண்டுவந்தார். போருக்கு முந்தைய வாடகையை அடிப்படையாக வைத்து, சிறிய வீட்டுக்கு மிகக் குறைவாகவும் மாளிகைக்கு மிக அதிகமாகவும் வரி விதித்தார். விலை உயர்ந்த அரை சதவீதக் குடியிருப்புகளே மொத்த வரியில் சுமார் 45 சதவீதத்தைக் கட்டின. எல்லாருக்கும் ஒரே விகிதம் என்றால் ஏழைத் தெருவிலும் எதிர்ப்பு கிளம்பியிருக்கும். ஆனால் இந்த வரி மட்டும் போதாது. ஆடம்பர வரிகளையும் பொது வருவாயையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும்.

மனையை விலை குறைந்து கிடக்கும்போதே வாங்கிப் போடுங்கள். 1917 முதல் இருந்த வாடகைக் கட்டுப்பாட்டாலும் பணவீக்கத்தாலும் வாடகை ஒன்றுமில்லாமல் போனது. தனியார் கட்டுவதை நிறுத்தினார்கள், மனை விலை சரிந்தது. மாநகராட்சி அப்போது வாங்கிக் குவித்தது. திட்டத்தை அறிவித்துவிட்டு மனை தேடினால் விலை ஏறிவிடும்.

வரைபடத்தில் பழைய குடியிருப்பின் குறைகளை ஒவ்வொன்றாக நீக்குங்கள். பழைய வியன்னாக் கட்டடங்களில் தண்ணீர்க் குழாயும் கழிப்பறையும் நடைகூடத்தில் பொதுவாக இருந்தன. சமையலறை ஜன்னலும் அந்த நடைகூடத்தில்தான் திறக்கும், வெளிச்சம் கிடையாது. புதிய வீடுகளில் நீண்ட நடைகூடத்தையே எடுத்துவிட்டார்கள். உள்முற்றத்திலிருந்து படிக்கட்டு ஏறும், ஒவ்வொரு தளத்திலும் சில வீடுகளுக்கு மட்டும் வாசல் இருக்கும். வீட்டுக்குள்ளேயே குழாயும் கழிப்பறையும் வந்தன. மனையில் பாதிக்கு மேல் கட்டக் கூடாது என்றும் வரம்பு வைத்தார்கள். போருக்கு முன் 85 சதவீதம் வரை கட்டலாம் என்றிருந்தது. 1,382 வீடுகளுடன் மாநகராட்சி கட்டிய கார்ல் மார்க்ஸ் ஹோஃப் என்ற குடியிருப்பில் கட்டடம் நிற்பது மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடத்தில்தான்.

அளவில் சறுக்கல் உண்டு. தொடக்கத்தில் பெரும்பாலான வீடுகள் 38 சதுர மீட்டர் (ஏறக்குறைய 410 சதுர அடி), மீதி 48 சதுர மீட்டர். எண்ணிக்கையை எட்டுவதற்காகச் சிறிதாக்கியதால் பிள்ளைகள் உள்ள குடும்பம் நெருக்கடியில் தவித்தது. 1927-க்குப் பிறகு 57 சதுர மீட்டர் வரை உயர்த்தினார்கள். அந்தப் பெரிய அளவில் ஒரு பங்கையாவது முதல் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுவது நல்லது.

கதவு, ஜன்னல், கைப்பிடிகளை ஒரே அளவில் நிர்ணயித்து மொத்தமாகக் கொள்முதல் செய்யுங்கள். சுவருக்கு வியன்னா செங்கல்லையே நம்பியது. வேலையில்லாதோர் நிறைந்த ஊரில் எந்திரத்தைவிட ஆட்கள் அதிகம் தேவைப்படும் முறை பொருந்தியது.

ஒதுக்கீட்டுக்குப் புள்ளிமுறை வேண்டும். வீடின்மை, நெரிசல், கர்ப்பம், போரில் ஊனம் போன்றவற்றுக்குப் புள்ளி கொடுத்து வரிசைப்படுத்தினார்கள். புள்ளிப் பட்டியலை விண்ணப்பம் வாங்கும் முன்பே வெளியிடாவிட்டால் சிபாரிசு நுழைந்துவிடும். வாடகை பராமரிப்புச் செலவுக்கு மட்டும்தான். தொழிலாளி வருமானத்தில் சுமார் 4 சதவீதம்.

1923 செப்டம்பரில் ஐந்தாண்டுக்கு 25,000 வீடுகள் என்று தீர்மானித்தவர்கள் முன்கூட்டியே முடித்தார்கள். 1934-க்குள் 60,000-ஐத் தாண்டினார்கள். ஆனால் 1930-களின் தொடக்கத்தில் மத்திய அரசு வியன்னாவின் வரிப் பங்கைக் குறைத்ததும் கட்டுமானம் சுருங்கியது. எனவே ஆண்டு இலக்கு எழுதும்போது சொந்த வரியில் எத்தனை வீடு, மேலிருந்து வரும் பங்கில் எத்தனை வீடு என்று தனித்தனியே பிரித்து எழுதுங்கள். பங்கு நின்றாலும் எந்த அடுக்குகளை முடிக்க முடியும் என்பது ஒப்பந்தம் போடும் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டும்.