மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு: உதிராமல் நிற்க எப்படி அடிப்பது?

சென்னையில் மேல்தளத்தில் குடியிருப்பவர்களைக் கேளுங்கள். மத்தியான வெயிலைவிட ராத்திரி பத்து மணிப் புழுக்கம்தான் தாங்க முடியாது என்பார்கள். பகல் முழுக்கச் சூடேறிய கான்கிரீட் தளம், பொழுது சாய்ந்த பிறகுதான் அந்தச் சூட்டை அறைக்குள் இறக்க ஆரம்பிக்கும். மின்விசிறி அந்தக் காற்றையே சுற்றிச் சுற்றி விடும். தளம் சூடேறாமல் பார்த்துக்கொள்ள மலிவான வழி, மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது. 600 சதுர அடி மாடிக்குப் பொருள் செலவு ஆயிரம் ரூபாய்க்கு அக்கம்பக்கத்தில் முடியும். கூல் ரூஃப் பெயின்ட் என்று போனால் அதைப்போலப் பல மடங்கு.

"அடிச்சு ரெண்டு மாசத்துல எல்லாம் மாவாப் போச்சு" என்று சலித்துக்கொள்பவர்களும் நிறைய. பெரும்பாலும் அது சுண்ணாம்பின் குறை இல்லை. காய்ந்த தளத்தில், உச்சி வெயிலில், கெட்டியாக அடித்திருப்பார்கள். சுண்ணாம்பு பெயின்ட் மாதிரி வெறுமனே உலர்ந்து ஒட்டுவதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாக மாறுகிறது. இது நடக்க ஈரம் வேண்டும். ஈரம் சீக்கிரம் போய்விட்டால் கல்லாகாமல் தூளாகவே நின்றுவிடும். கீழே சொல்லும் படிகளில் பாதிக்கு மேல் இந்த ஈரத்தைக் காப்பாற்றத்தான்.

எப்போது செய்வது

மாசி, பங்குனியில் முடித்துவிடுங்கள். மழைக்கு வாய்ப்புக் குறைவு, காலையில் தளம் குளிர்ந்திருக்கும். அக்னி நட்சத்திரம் தொடங்கிய பிறகு ஆரம்பித்தால் காலை ஏழு மணிக்கே ஈரம் பறந்துவிடும்.

உங்கள் தளம் ஏற்குமா?

ஒரு சொம்புத் தண்ணீரைத் தளத்தில் ஊற்றிப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் நல்லது, சுண்ணாம்பு பிடிக்கும். சிமென்ட் தளம், பழைய தட்டு ஓடு இரண்டும் நன்றாகவே உறிஞ்சும். தண்ணீர் முத்து முத்தாக நின்றால், ஏற்கெனவே யாரோ வாட்டர்புரூஃப் பூச்சு அடித்திருக்கிறார்கள், அல்லது அது பளபளப்பு டைல்ஸ். அதன்மேல் சுண்ணாம்பு அடித்தால் தோல் உரிவதுபோல் உரிந்து வரும். அங்கே வெள்ளை டைல்ஸோ கூல் ரூஃப் பெயின்ட்டோதான் சரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இந்த வேலையே வேண்டாம். அதைத் தேய்த்தால் பறக்கும் இழை நுரையீரலுக்குக் கேடு. ஏறி நின்றால் உடையவும் கூடும்.

இன்னொன்று: சுண்ணாம்பு ஒழுகலை நிறுத்தாது. உள்ளே சீலிங்கில் ஈரக்கறை இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள்.

வாங்க வேண்டியவை (600 சதுர அடிக்கு)

சுட்ட சுண்ணாம்புக் கட்டி 15 கிலோ. கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் வெண்மை நன்றாக வரும். கட்டிக்குப் பதில் நீற்றிய தூள் என்றால் 20 கிலோ வேண்டும். நீற்றும்போது தண்ணீரும் சேர்ந்து எடை கூடுகிறது, அதனால்தான் இந்தக் கணக்கு. அதோடு ஒயிட் சிமென்ட் 3 கிலோ, பெயின்ட் கடையில் டிடிஎல் என்று கேட்டால் தரும் பசை 1.5 கிலோ. கம்பி பிரஷ், நீளக் கைப்பிடி வைத்த தேங்காய் நார் பிரஷ், ரப்பர் கையுறை, பக்கங்கள் மூடிய கண்ணாடி. கண்ணாடியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

சுண்ணாம்பு புதிதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். சிறு கட்டியைத் தண்ணீரில் போட்டால் சில நிமிடங்களில் சீறிக்கொண்டு சூடாக வேண்டும். சும்மா கிடந்தால் அது செத்த சுண்ணாம்பு. தூளாக வாங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் மூட்டைக்குள்ளேயே காற்றுப்பட்டுக் கெட்டுவிட்டது. அதை அடித்தால் சாக்பீஸ் பொடியைப் பூசியதற்குச் சமம்.

படி 1: நீற்றுவது

அடிப்பதற்கு ஒரு நாள் முன்பே செய்ய வேண்டும். இரும்பு டிரம்மில் 45 லிட்டர் தண்ணீரை முதலில் ஊற்றிக்கொண்டு, கட்டிகளை ஒவ்வொரு கை அளவாகப் போடுங்கள். தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும். கட்டியைக் குவித்து மேலே தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். சாதாரண பிளாஸ்டிக் பக்கெட் இந்தச் சூட்டில் இளகிவிடும். கொதிப்பு அடங்கும்வரை குழந்தைகள் மாடிப்படி ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளக் கம்பால் கிளறி, மூடி, 24 மணி நேரம் விடுங்கள்.

கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில், இமையைத் தூக்கிப் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் விடாமல் கழுவிவிட்டு உடனே கண் மருத்துவமனைக்குப் போக வேண்டும். எரிச்சல் குறைந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

மறுநாள் இன்னும் 30 லிட்டர் சேர்த்துக் கலக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். நீறாத கற்கள் துணியில் தங்கும். அவை பூச்சில் போனால் பிறகு ஈரம் பட்டு வீங்கி அந்த இடத்தைப் பொத்தலாக்கும். தூள் வாங்கியவர்கள் 70 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு ராத்திரி ஊறவைத்தால் போதும்.

படி 2: தளத்தைத் தயார் செய்வது

போன மழைக்காலத்துப் பாசி, கருப்புப் படலம், பழைய உதிரும் சுண்ணாம்பு எல்லாவற்றையும் கம்பி பிரஷால் தேய்த்து எடுங்கள். பாசி பிடிவாதமாக இருந்தால் பிளீச்சிங் பவுடர் கரைசல் தெளித்து, அரை மணி நேரம் விட்டுத் தேய்த்து, நன்றாக அலசுங்கள். விரிசல்களைச் சுரண்டிச் சற்று அகலப்படுத்தி, சிமென்ட்டும் சலித்த மணலும் 1:3 கலந்து அடைத்து, மூன்று நாள் ஈரம் காட்டுங்கள். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையை விட்டுவிட வேண்டாம். ஒழுகல் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

அலசும்முன் மழைநீர்க் குழாய் வாயைத் துணியால் அடைத்துவிடுங்கள். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால், மாடித் தண்ணீர் பல வீடுகளில் கிணற்றுக்கோ சம்ப்புக்கோ போகிறது. பிளீச்சிங் தண்ணீரும் சுண்ணாம்புச் சேறும் அதில் இறங்கினால் குடிக்கும் தண்ணீரும் கெடும், வடிகட்டும் ஜல்லியும் அடைத்துக்கொள்ளும். அலசிய தண்ணீரை முறத்தாலோ மக்காலோ வாரி எடுங்கள்.

ஏசி வெளி யூனிட், சோலார் பேனல் சட்டம், அலுமினிய ஜன்னல் ஆகியவற்றைச் சாக்கு போட்டு மூடுங்கள். சுண்ணாம்பு அலுமினியத்தை அரிக்கும்.

படி 3: கலப்பது

10 லிட்டர் சுண்ணாம்புப் பாலுக்கு ஒயிட் சிமென்ட் 400 கிராம், பசை 200 கிராம். பசையைத் தனியாக ஒரு மக் தண்ணீரில் கரைத்துவிட்டுச் சேருங்கள். நேரடியாக ஊற்றினால் திரியும். ஒரு பக்கெட் தீர்ந்த பிறகே அடுத்த பக்கெட் கலக்க வேண்டும். மொத்தமாகக் கலந்தால் அரை மணியில் சிமென்ட் இறுக ஆரம்பித்து அடியில் உறைந்துவிடும். குச்சியை முக்கி எடுத்தால் மெல்லிய படலத்துக்குப் பின்னால் குச்சியின் நிறம் தெரிய வேண்டும். அதுதான் பதம்.

சிமென்ட்டை இரட்டிப்பாகப் போட்டால் உறுதியாக நிற்கும் என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். வெயிலில் தளம் விரிந்து சுருங்கும்போது அது பாளம் பாளமாக விட்டுவிடும். உப்பும் வேண்டாம். பழைய முறையில் போடுவது உண்டு, ஆனால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கு உப்பு ஆகாது. கடலோரப் பக்கம் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மெட்ரோ வாட்டரில் கரையுங்கள். நீலப்பொடி வெண்மைக்கு அழகுதான். மாடிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

படி 4: அடிப்பது

காலை ஐந்தரைக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடியுங்கள். சாயங்காலம் வேண்டாம், வெயில் தணிந்தாலும் தளத்தின் சூடு தணிந்திருக்காது.

முதலில் தளத்தில் தண்ணீர் தெளியுங்கள். ஈரமாக இருக்க வேண்டும், தேங்கி நிற்கக் கூடாது. படிக்கட்டுக்கு எதிர்க் கோடியிலிருந்து தொடங்கிக் கதவை நோக்கி வாருங்கள், இல்லையென்றால் மூலையில் மாட்டிக்கொள்வீர்கள். பிரஷை முக்கி, ஒரே திசையில் மெல்லிசாக இழுங்கள்.

புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். அடித்த இடம் வெள்ளையாகவே தெரியாது; சாம்பல் நிறத்தில், தண்ணீர் தெளித்ததுபோல இருக்கும். "பத்தலையே" என்று மேலும் மேலும் ஊற்றுவார்கள். விடுங்கள். காயக் காயத்தான் வெண்மை ஏறும். ஒரு பூச்சுக்கு 25 லிட்டர்தான் கணக்கு. அதற்கு மேல் இழுத்தால் கெட்டியாக அடிக்கிறீர்கள், அல்லது தளம் மிகவும் சொரசொரப்பு.

இரண்டாம் நாள் மறுபடி ஈரம் தெளித்துக் குறுக்கு வாட்டில் ஒரு பூச்சு, மூன்றாம் நாள் முதல் வாட்டிலேயே இன்னொன்று. கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு நாள், காலையிலும் சாயங்காலமும் பூவாளியால் லேசாகத் தூவுங்கள். பலர் இதைச் செய்வதில்லை, மாவாகப் போவதும் அவர்கள் மாடிதான்.

பிறகு

நாலு நாள் கழித்து உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். லேசாக வெள்ளை ஒட்டினால் பரவாயில்லை. கை முழுக்க மாவு வந்தால் அந்த இடத்தை மட்டும் துடைப்பத்தால் தட்டி எடுத்து, நனைத்து, தண்ணியாக ஒரு பூச்சு விடுங்கள். துணி காயப்போட நடக்கும் பாதையில் பழைய டைல்ஸ் துண்டுகளைப் போட்டுக்கொண்டால் தேய்மானமும் குறையும், புடவையிலும் ஒட்டாது. வெயில் நேரத்தில் கண் கூசும். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

அடித்தபின் வரும் முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திருப்பிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் கொஞ்சம் கரைந்திருக்கும், தூசும் படிந்திருக்கும். அடுத்த மாசியில் பெருக்கி அலசி ஒரே ஒரு பூச்சு போதும். அதற்கு 5 கிலோ சுண்ணாம்பு.

சிமென்ட் கலக்காத சுண்ணாம்புப் பால் மீந்தால் மேலே இரண்டு விரல் தண்ணீர் நிற்கும்படி மூடிவைத்தால் கெடாது. மேற்கு வெயில் அடிக்கும் வெளிச்சுவர் இருந்தால் அதற்கு இதையே பயன்படுத்தலாம்.