பட்டறைக்கு மேல் வீடு: எங்கே சறுக்குகிறார்கள்?

மதுரையில் செல்லூரிலோ புதூரிலோ கீழே பட்டறை, மேலே குடியிருப்பு என்று ஒரு கட்டடம் வரப்போகிறது என்றால் தெரு இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. தூக்கம் போய்விடும் என்கிறது ஒரு தரப்பு. வேலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கலாம், வாடகையும் வரும் என்கிறது இன்னொன்று. இரண்டும் நியாயம்தான். ஆனால் புதிதாகக் கட்டுகிறவர்கள் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அனுமதி இல்லாமல் கட்டுவது போன்றவை எல்லோருக்கும் தெரிந்ததே, அவற்றை விட்டுவிடுவோம்.

மெஷினைக் கட்டடத்தோடு பிணைப்பது

பணத்தை அதிகம் விழுங்குவது இந்தத் தவறுதான். எனக்கு எரிச்சல் வருவதும் இதைப் பார்க்கும்போதுதான். சத்தம் என்றதும் ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, மேலே ஃபால்ஸ் சீலிங் என்று செலவழிக்கிறார்கள். விசைத்தறியும் பவர் பிரஸ்ஸும் (தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின்) மாடியில் இருப்பவரை எழுப்புவது பெரும்பாலும் காற்று வழியாக அல்ல. அதிர்வு போல்ட்டில் இறங்கி, தரை வழியே பிளிந்த் பீமுக்கு (தரை மட்டத்தில் பில்லர்களை இணைக்கும் கான்கிரீட் விட்டம்) போய், பில்லரில் ஏறித் தளத்தை உதற வைக்கிறது. கட்டில் கால்வரை வந்துவிட்ட அதிர்வை ஜன்னல் கண்ணாடி எப்படித் தடுக்கும்?

தரை கான்கிரீட் போடுவதற்கு முன்பே மெஷினுக்குத் தனி மேடை போடுங்கள். மேடையின் எடை மெஷினைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். பில்லர், பீம், தரை எதையும் தொடாமல் சுற்றிலும் 50 மி.மீ. இடைவெளி விட்டு, தெர்மோகோல் வைத்து அடைத்துவிடுங்கள். அந்த இடைவெளியில் ஒரு கரண்டிச் சாந்து விழுந்து இறுகினாலும் அதிர்வுக்குப் பாலம் போட்டதாகிவிடும். மேஸ்திரி போவதற்குள் குனிந்து பாருங்கள். மேடைக்கும் மெஷினுக்கும் நடுவே ரப்பர் பேட் வேண்டும். கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயின் முதல் துண்டு ரப்பர் ஹோஸாக இருக்கட்டும். இரும்புக் குழாயைத் தளத்தில் கிளாம்ப் அடிக்காதீர்கள். இதையெல்லாம் குடிவந்த பிறகு செய்வதென்றால் தரையை உடைத்து, தொழிலையும் நிறுத்த வேண்டும்.

எந்தப் பகுதி என்று கேட்காமல் விடுவது

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 முதல் காலை 6 வரை 45. தொழிற்பகுதியில் 75, 70. கலப்புப் பகுதியை இவற்றில் எதில் சேர்ப்பது என்பதை அதிகாரிகள்தான் அறிவிக்க வேண்டும். கட்டடம் பற்றித் தெருவில் கூட்டம் போட்டால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

ஒரே படிக்கட்டு

பட்டறைக்கும் வீட்டுக்கும் ஒரே படி கூடவே கூடாது. வீட்டுப் படி தெருவில் நேராக இறங்க வேண்டும்.

கவர் பிளாக்கில் கஞ்சத்தனம்

தளம் இரண்டு மணி நேரம் தீயைத் தாங்க 125 மி.மீ. கனம் வேண்டும், அதை எல்லோரும் போடுகிறார்கள். கம்பிக்குக் கீழே கான்கிரீட் மூடியிருக்கும் கனம்தான் கவர்; அதற்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டைதான் கவர் பிளாக். வழக்கமான 20 மி.மீ. கவர் இதற்குப் போதாது. நடுவிலும் தாங்கல் உள்ள தொடர் தளத்துக்கு 25, இரண்டு முனையில் மட்டும் தாங்கும் தளத்துக்கு 35.

வீட்டு மீட்டரில் மோட்டார் ஓட்டுவது

பிடிபட்டால் 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவின்படி இரு மடங்குக் கட்டணம்.

மெஷின் பட்டியல் இல்லாத வாடகை ஒப்பந்தம்

இன்று அப்பளக் கம்பெனிக்கு விட்ட இடத்தில் அடுத்த வருடம் பவர் பிரஸ் வந்து உட்காரும். எந்த மெஷின், எத்தனை ஹெச்.பி., எத்தனை மணி வரை என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி, மேல்வீட்டுக்காரருக்கும் ஒரு நகல் கொடுங்கள்.