சிங்கப்பூர் ஜிஎஸ்டி ரீஃபண்ட்: பெட்டி போன பிறகு ஓடிப் பயனில்லை

சிங்கப்பூரில் சுற்றுலாப் பயணிகள் வாங்கி வெளியே கொண்டுபோகும் பொருளுக்குக் கட்டிய ஜிஎஸ்டி வரியை, கிளம்பும்போது திரும்பப் பெறலாம். அங்கே போய்வந்த சென்னைக்காரர் யாரைக் கேட்டாலும் இந்த ரீஃபண்ட் பற்றி ஒரு கதை வைத்திருப்பார். என் கதை, அத்தைக்கு வாங்கிய கைப்பை. சாங்கி விமான நிலையத்தில் பெட்டியை எடை போட்டு, டேக் ஒட்டி அனுப்பிவிட்டு, சாவகாசமாக ரீஃபண்ட் இயந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். பொருளைச் சுங்க அதிகாரியிடம் காட்டு என்றது திரை. கைப்பை பெட்டிக்குள், பெட்டி எப்போதோ உள்ளே போயாகிவிட்டது. பணம் அவ்வளவுதான்.

பலரும் செய்கிற தவறு இதுதான். வாங்கிய பொருள் பெரிய பெட்டியில் போவதாக இருந்தால், செக்-இன் செய்வதற்கு முன்பே வெளிக்கூடத்தில் உள்ள இயந்திரத்தில் ரீஃபண்ட் வேலையை முடிக்க வேண்டும். கையில் கொண்டுபோவதாக இருந்தால் இமிகிரேஷன் தாண்டி உள்ளே செய்யலாம். எல்லோரையும் பொருளைக் காட்டச் சொல்வதில்லை. ஆனால் உங்களைக் கேட்கமாட்டார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது? பொருளைப் பெட்டியின் அடியில் புதைக்காமல் மேலாக வையுங்கள். இன்னொன்று, ரொக்கமாகக் கேட்டால் பணம் இமிகிரேஷனுக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கும். வெளியே ஒப்புதல் வாங்கிவிட்டு, உள்ளே போனதும் அதை மறந்து நேராக விமானம் ஏறுகிறவர்களும் உண்டு.

கடையிலேயே கோட்டை விடுகிறவர்களும் இருக்கிறார்கள். முஸ்தஃபா என்ற பெரிய கடையில் நள்ளிரவில் கூடையை நிரப்பும்போது பாஸ்போர்ட் ஓட்டல் லாக்கரில் தூங்கும். செல்பேசியில் உள்ள படம், ஜெராக்ஸ் எதுவும் செல்லாது, அசல் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். வரியோடு சேர்த்துக் குறைந்தது 100 சிங்கப்பூர் டாலருக்கு வாங்கியிருக்க வேண்டும். ஒரே கடையின் ஒரே நாள் பில்களாக இருந்தால் மூன்று வரை சேர்த்துக்கொள்ளலாம். அம்மா பெயரில் ஒன்று, மச்சான் பெயரில் ஒன்று என்று குடும்பமாகக் கூட்டி 100 ஆக்க முடியாது. ஓட்டல் அறை வாடகைக்கும் அங்கேயே சாப்பிட்டுத் தீர்த்ததற்கும் ரீஃபண்ட் கிடையாது.

சரி, எவ்வளவு வரும்? 2024 ஜனவரியிலிருந்து அங்கே ஜிஎஸ்டி 9 சதவீதம். அதனால் 100 டாலர் பில்லுக்கு 9 டாலர் என்று கணக்குப் போடாதீர்கள். விலைக்குள்ளேயே வரி இருப்பதால் அது 8 டாலர் 26 காசுதான், அதிலும் சேவைக் கட்டணம் போகும்.

சிங்கப்பூர்–மலேசியா பேக்கேஜில் போகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். சிங்கப்பூரில் ஷாப்பிங்கை முடித்து, பஸ்ஸில் ஜொகூர் தாண்டி, கோலாலம்பூரில் சென்னை விமானம் ஏறுவது வழக்கமான திட்டம். தரை வழியாக வெளியேறினால் சிங்கப்பூர் வரி திரும்பக் கிடைக்காது. மலேசியாவில் கேட்கலாமா என்றால், 2018ல் ஜிஎஸ்டியை எடுத்தபோதே அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கான ரீஃபண்டும் போய்விட்டது. பயண வரிசையைத் திருப்பிப் போட ஏஜென்டிடம் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள். கடைசி விமானம் சாங்கியிலிருந்து கிளம்பினால் போதும். பொருள் வாங்கி இரண்டு மாதத்துக்குள் நாட்டை விட்டு வெளியே போக வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அங்கேயே வேலை பார்க்கும் சித்தப்பா பையனை வாங்கித் தரச் சொல்லி, அவன் ரீஃபண்டும் எடுத்துத் தருவான் என்று நினைப்பது இன்னொரு கனவு. வேலை அனுமதியில் இருப்பவர் சுற்றுலாப் பயணி அல்ல.

துபாயில் விதி வேறு. அங்கே ஜிஎஸ்டி போன்ற வாட் வரி 5 சதவீதம், குறைந்தது 250 திர்ஹாமுக்கு வாங்க வேண்டும், வரியில் 87 சதவீதம் கைக்கு வரும், அதிலும் ஒவ்வொரு பில்லுக்கும் சிறு கட்டணம் பிடிப்பார்கள். 1,050 திர்ஹாம் நகையில் 50 திர்ஹாம் வரி என்றால், கட்டணத்துக்கு முன் 43.50. லண்டனில் வாங்கிவிட்டு விமான நிலையத்தில் கவுண்டர் தேடாதீர்கள். பிரிட்டன் 2021 ஜனவரியிலேயே இதை நிறுத்திவிட்டது. பாரிஸ், ரோம் பக்கம் போனால் சுங்க ஒப்புதல் இல்லாத படிவம் வெறும் காகிதம்.

அப்புறம் மீனம்பாக்கம். அங்கே வரி திரும்ப வந்துவிட்டதால் இங்கே சுங்கத் தீர்வை இல்லை என்று சிலர் நம்புகிறார்கள். இரண்டும் இரு வேறு நாடுகளின் கணக்கு. தங்க நகைக்கான தீர்வைச் சலுகை ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்து திரும்புகிறவர்களுக்குத்தான்; ஐந்து நாள் டூர் போனவர் 'இது என் பங்கு' என்று சொல்ல முடியாது. சாங்கியில் ரீஃபண்டுக்காக நீட்டிய பில்லையே இங்கே தீர்வை கட்ட வேண்டியவர்கள் போகும் சிவப்பு வழியிலும் காட்ட வேண்டியிருக்கும் என்பதால் அதைக் கைப்பையிலேயே வைத்திருங்கள்.