கையெழுத்துப் போடும் முன்: திருகோணமலைக்கு வாழ வந்த பெண்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்து கல்யாணமாகித் திருகோணமலைக்கு வரும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன். மண்டபம் அகதி முகாமில் வளர்ந்த ஒருவரைக் கட்டிக்கொண்டு, அவர் சொந்த ஊருக்குத் திரும்பும்போது கூடவே வந்தவள் நான். ஒன்பது வருடம் ஆகிறது. என்னைப் போல வந்தவர்கள் உப்புவெளி, நிலாவெளிப் பக்கமெல்லாம் இருக்கிறார்கள். என் வீட்டில் அடி உதை இல்லை. அடுத்த தெருவில், திருச்சிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு இருந்தது. பெயர் வேண்டாம், தங்கச்சி என்றே சொல்கிறேன். போன வருடம் அவளோடு நானும் அலைந்தேன். இந்த ஊர் நடைமுறை தெரியாமல் நாங்கள் செய்த ஒரு தவறுக்கு அவள் கொடுத்த விலை பெரிது. அதை வேறு யாரும் கொடுக்க வேண்டாம்.

வந்த புதிதில் எல்லாம் நம்மூர் மாதிரியே தெரியும். சம்பந்தர் பாடிய கோணேசர் கோவில், பத்திரகாளி அம்மன், பேச்சில் கொஞ்சம் ராகம் மாறினாலும் அதே தமிழ். அலுவலக வாசலில் போய் நிற்கும்போதுதான் இது வேறு நாடு என்று உறைக்கும். முதலில் சொற்களைத் தெரிந்துகொள்ளுங்கள். புகார் இங்கே முறைப்பாடு. வக்கீல் சட்டத்தரணி. மாஜிஸ்திரேட் கோர்ட் நீதவான் நீதிமன்றம். வி.ஏ.ஓ. மாதிரி உள்ளவர் கிராம உத்தியோகத்தர், ஜி.எஸ். என்பார்கள். தாலுகா ஆபீஸுக்குப் பதில் பிரதேச செயலகம். அங்கே மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்று ஒருவர் இருப்பார், அவரை முதல் மாதமே போய்ப் பார்த்துப் பழகி வையுங்கள். பெண்கள் உதவி எண், நம்மூர் 181 மாதிரி இங்கே 1938. அவசரம் என்றால் 119. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் என்று பொலிஸில் 109 இருக்கிறது. அனைத்து மகளிர் காவல் நிலையத்தைத் தேடாதீர்கள். இங்கே பொது நிலையத்துக்குள்ளேயே பெண்கள், சிறுவர் பிரிவு இருக்கும்.

இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிவைப்பது வழக்கம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஏதாவது நடந்தால் அவள் இருப்பது அவளுடைய வீடு, சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா, பின்வீட்டில் அக்கா. நாம்தான் அவர் வீட்டில் இருக்கிறோம், அம்மாவைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு. இரவில் சத்தம் கேட்டு ஓடிவர நமக்கு ஆள் இல்லை. அதனால் சட்டம் நமக்கு இன்னும் அதிகமாகத் தேவை.

சரி, சட்டம். இந்தியாவில் குடும்ப வன்முறைச் சட்டம் 2005இல் வந்தது. இலங்கையிலும் அதே வருடம்தான், 34ஆம் இலக்கச் சட்டம். ஆண்டு ஒன்று என்பதால் நடைமுறையும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். நம்மூரில் பாதுகாப்பு அலுவலர் அறிக்கை எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்புவார். இங்கே அந்தப் பதவி கிடையாது. பாதிக்கப்பட்டவரே நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பம் கொடுக்கலாம், அவர் சார்பில் பொலிஸாரும் கொடுக்கலாம். மூதூர்ப் பக்கம் இருப்பவர்கள் டவுனுக்கு வர வேண்டியதில்லை, அங்கேயே நீதவான் நீதிமன்றம் உண்டு. நிலைமை மோசம் என்று நீதவானுக்குப் பட்டால், எதிராளியைக் கூப்பிடாமலே அன்றைக்கே இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு போடலாம். 14 நாளுக்குள் விசாரணை. அதற்குப் பிறகு கிடைக்கும் பாதுகாப்பு உத்தரவு அதிகபட்சம் 12 மாதம் செல்லும். வீட்டுக்குள் வராதே, வேலை செய்யும் இடத்துக்குப் போகாதே, பின்தொடராதே, அவளை நடுத்தெருவில் விடும்படி வீட்டை விற்காதே என்றெல்லாம் அதில் தடை போடலாம். கைச்செலவுக்குப் பணம் கொடுக்கச் சொல்லலாம், உடைமைகளை எடுத்துவரப் பொலிஸைத் துணைக்கு அனுப்பலாம். உத்தரவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடிப்பது மட்டும் இல்லை, விடாமல் இழிவுபடுத்திக் கொடுமை செய்வதும் இந்தச் சட்டத்துக்குள் வரும்.

நம்மவர்களுக்கு முக்கியமான ஒன்று: முகாமில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் வாழ்ந்தவர்கள் இருக்கிறோம். பதிவுச் சான்றிதழ் இல்லையே என்று பயப்பட வேண்டாம். சேர்ந்து வாழ்கிறவருக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். மாமனார், மாமியார், கொழுந்தன் மீதும் விண்ணப்பிக்கலாம். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லாருக்கும் ஒரே சட்டம். இலங்கைக் குடியுரிமை இருக்கிறதா என்றும் இது கேட்பதில்லை. ஆனால் கணவர் வீட்டார் கொடுமைக்கென்று நம்மூரில் இருந்த 498ஏ (2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 85ஆம் பிரிவு) மாதிரி ஒரு தனிப் பிரிவையோ வரதட்சணைத் தடைச் சட்டத்தையோ இங்கே எதிர்பார்க்காதீர்கள். அடித்ததற்குச் சாதாரணத் தண்டனைச் சட்டத்தில் தனியாக வழக்கு போடலாம், அதை இந்தச் சட்டம் தடுக்காது.

இனி எங்களுக்கு நடந்தது.

தங்கச்சிக்கு முதல் தடவை உதடு கிழிந்தபோது நாங்கள் இருவரும் பொலிஸுக்குப் போனோம். எந்த நிலையம் என்று எழுதவில்லை. அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். தமிழ் நன்றாகப் பேசினார், ஆனால் எழுத வராது. அவள் தமிழில் சொல்லச் சொல்ல அவர் சிங்களத்தில் எழுதினார். அப்புறம் அவள் கணவனைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான், இனிமேல் அடிக்க மாட்டேன் என்றான். பெரியவர் ஒருவர் புத்தி சொன்னார். பிறகு புத்தகத்தைத் திருப்பி, 'இதில ஒரு கையெழுத்து வையுங்கோ பிள்ளை' என்றார்கள். வைத்தாள். நம்மூரில் இரண்டு பேரையும் உட்காரவைத்து எழுதி வாங்கி அனுப்புவதைப் பார்த்திருக்கிறோம் இல்லையா, அதே மாதிரிதான் என்று நானும் பக்கத்தில் சும்மா நின்றேன். ஒரு தாள் கையில் வாங்கவில்லை, ஒரு இலக்கம் கேட்கவில்லை. நம்மூரில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வாசலைத் தாண்டியிருப்பேனா? இங்கே அந்த யோசனையே வரவில்லை.

இரண்டு மாதத்தில் மறுபடியும் அடி. இந்தத் தடவை கை முறிந்தது. நேராக நீதிமன்றம் போனோம். அவன் முன்னமே சட்டத்தரணியைப் பார்த்து வைத்திருந்தான். அந்தப் பழைய பதிவின் பிரதி அங்கே வந்து நின்றது. அதில் என்ன இருந்தது என்று எங்கள் சட்டத்தரணி வாசித்துச் சொன்னபோது தங்கச்சி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். குடும்பத்துக்குள் ஒரு சின்ன மனஸ்தாபம், அவரோடு எனக்கு எந்தக் குறையும் இல்லை, நடவடிக்கை வேண்டாம், தகவலுக்காக மட்டும் பதிகிறேன். அவள் சொல்லாத வாக்கியங்கள், கீழே அவள் கையெழுத்து.

அன்றைக்கு இடைக்கால உத்தரவு கிடைக்கவில்லை. அவனுக்கு அறிவித்தல் அனுப்பி, விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். அந்த நாட்களில் அவளும் அவள் பிள்ளையும் என் வீட்டில் இருந்தார்கள். அவன் இரவில் எங்கள் படலையைத் தட்டுவான். என் கணவர் வாசலில் பாய் போட்டுப் படுத்தார். பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை. ஒரு பக்கம் சிங்களம் வாசிக்கத் தெரியாததற்கு நாங்கள் கொடுத்த விலை இது. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

ஆத்திரம் ஏன் என்றால், இது நடந்திருக்கவே வேண்டியதில்லை. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ், நீதிமன்ற மொழியும் தமிழ். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. தமிழில் முறைப்பாடு கொடுப்பது நாம் கேட்கும் தயவு இல்லை, நம் உரிமை. எங்கள் சட்டத்தரணி பிறகு சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொல்கிறேன். நடந்ததை வீட்டிலேயே தமிழில் தேதி, நேரத்தோடு எழுதி இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். தமிழ் எழுதத் தெரிந்த அதிகாரி வரும்வரை காத்திருக்கிறேன் என்று அமைதியாகச் சொல்லுங்கள். சிங்களத்தில்தான் எழுதுவோம் என்றால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் கையெழுத்து வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால், கையெழுத்துக்கு மேலே, 'இதில் எழுதியிருப்பதை எனக்கு வாசிக்கத் தெரியாது' என்று உங்கள் கையால் தமிழில் எழுதுங்கள். முறைப்பாட்டு இலக்கம் இல்லாமல் வெளியே வராதீர்கள். தகவலுக்காக மட்டும் என்ற சொல்லைக் கேட்டால், இல்லை, நடவடிக்கை வேண்டும் என்று உடனே சொல்லுங்கள். முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அலுவலகம் திருகோணமலையிலேயே இருக்கிறது.

பொலிஸில் வைக்கும் சமாதானம் எவ்வளவு நல்ல மனசோடு வைத்தாலும் அது பாதுகாப்பு உத்தரவு ஆகாது. அவன் அதை மீறினால் மீறினான் என்று தண்டிக்க அதில் ஒன்றும் இல்லை. நீதவான் போடும் உத்தரவுக்கு மட்டும்தான் அந்தப் பலம்.

அவளைக் கடைசியில் காப்பாற்றியது ஆஸ்பத்திரி. கை முறிந்த அன்று, விழுந்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாய் திறந்தாள். நான் தடுத்தேன். பரமக்குடியில் என் சித்தி ஒரு தடவை அப்படிச் சொல்லி, பிறகு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடான ஏ.ஆர். காப்பியில் அதுவே எழுதியிருந்தது எனக்கு ஞாபகம். கணவர் அடித்தார் என்று டாக்டரிடம் சொன்னாள், ஆஸ்பத்திரி டிக்கெட்டில், அதாவது நோயாளிக் குறிப்பில், அப்படியே ஏறியது. சட்ட வைத்திய அதிகாரி, கோர்ட்டுக்கு அறிக்கை எழுதும் டாக்டர், தனியாகப் பரிசோதித்தார். அரச வைத்தியசாலைகளில் நட்பு நிலையம் என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள், சிங்களத்தில் மிதுரு பியச. அங்கே நம் அழுகையைக் கேட்க ஆள் இருக்கிறார்கள். விசாரணை நாளில் அந்த வைத்திய அறிக்கைக்கு முன்னால் பழைய கையெழுத்து நிற்கவில்லை. 12 மாத உத்தரவு கிடைத்தது.

பாஸ்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. அவளுடையதை அவன் வாங்கி வைத்திருந்தான். விசாவும் அவன் கையெழுத்தில்தான் ஓடியது, பொலிஸுக்குப் போனால் உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மிரட்டியே ஒரு வருடம் வாயை அடைத்திருக்கிறான். பாஸ்போர்ட், விசாப் பக்கம், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் படம் எடுத்து அம்மாவுக்கு இன்றைக்கே அனுப்பிவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, கொழும்பில் தூதரகம். கோபத்தில் விமானம் ஏறும் முன் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இங்கே பொதுச் சட்டப்படி விவாகரத்துக்குக் கொடுமை என்று தனிக் காரணம் கிடையாது, கள்ளத்தொடர்பு, கைவிட்டுப் போவது என்று சில காரணங்கள்தான். நீங்கள் சொல்லாமல் போனால் கைவிட்டது நீங்கள் என்று அவர்கள் சொல்லக்கூடும். பணம் இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக ஆள் வைக்கும். பிள்ளைச் செலவுக்கு 1999ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி அதே நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம்.

தங்கச்சியின் உத்தரவு முடியும் தேதியை எங்கள் வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். அதற்கு ஒரு மாதம் முன்னால் சட்டத்தரணியைப் பார்க்கப் போகிறோம். அவள் இப்போது ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். அங்கே கூட இருக்கும் சிங்களப் பெண் ஒருத்தி இடைவேளையில் அவளுக்கு எழுத்து சொல்லிக்கொடுக்கிறாள். போன வாரம் பஸ் பலகையை அவளே வாசித்து, சரிதானா என்று என்னைக் கேட்டாள். எனக்குத்தான் தெரியவில்லை.