சி டிரைவ் சுருங்க மறுத்தால்: உபுண்டுவுக்கு இடம் ஒதுக்கும் முறை

விண்டோஸ் உள்ள கணினியில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் நிறுவ, முதலில் வட்டுப் பகுதிகளை நிர்வகிக்கும் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி டிரைவை வலது சொடுக்கி, 'ஷ்ரிங்க் வால்யூம்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 200 ஜிபி காலியாக இருந்தும் 8 ஜிபிதான் சுருக்க முடியும் என்று அது கைவிரிக்கும்போது பலர் திகைத்துப்போகிறார்கள்.

டிரைவின் கடைசிப் பகுதியிலிருந்தே இடம் வெட்டி எடுக்கப்படுகிறது. அங்கே நகர்த்த முடியாத ஒரு கோப்பு உட்கார்ந்திருந்தால், முன்னால் எவ்வளவு காலியிடம் இருந்தாலும் பயனில்லை. அது எந்தக் கோப்பு என்று ஊகிக்க வேண்டியதில்லை. கணினியின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் விண்டோஸ் லாக்ஸ், அதனுள் அப்ளிகேஷன் பகுதிக்குச் சென்று 259 என்ற எண்ணுள்ள பதிவைத் திறந்தால், தடையாக நிற்கும் கோப்பின் பெயர் அதில் இருக்கும்.

கை வைப்பதற்கு முன் முக்கியக் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள்; வட்டைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்திலேயே எழுதி வையுங்கள். (அதே கணினியில் சேமித்து வைப்பவர்களும் இருக்கிறார்கள்.)

பதிவில் ஹைபர்னேஷன் கோப்பின் (கணினியின் நிலையை வட்டில் சேமித்து அணைப்பதற்கான கோப்பு) பெயர் வந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையுடன் திறந்து, powercfg /h off என்று இட்டு ஹைபர்னேஷனை நிறுத்துங்கள். விண்டோஸை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே நின்றுவிடும், அது உபுண்டுவுக்கும் நல்லது. பேஜிங் கோப்பு (நினைவகத்துக்குத் துணையாக வட்டில் இருக்கும் கோப்பு) என்றால் விர்ச்சுவல் மெமரி அமைப்பில் தற்காலிகமாக நீக்கிவிட்டு, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்றால் சிஸ்டம் புரொடெக்‌ஷனை அணைக்க வேண்டும். கணினியை முந்தைய நிலைக்குத் திருப்ப உதவும் பழைய ரீஸ்டோர் பாயின்ட்டுகள் அழிந்துபோகும் என்பதை அறிந்தே செய்யுங்கள். ஒன்றை நீக்கியதும் அடுத்தது தடுக்கலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் மீண்டும் சுருக்கிப் பார்த்து, புதிய 259 பதிவைப் படியுங்கள்.

எம்எஃப்டி (டிரைவில் உள்ள கோப்புகளின் அட்டவணை) என்ற பெயர் வந்தால் விண்டோஸுக்குள் போராடாமல், ஜிபார்ட்டெட் என்ற வட்டுப் பிரிப்பு மென்பொருள் உள்ள யுஎஸ்பியிலிருந்து கணினியை இயக்கிச் சுருக்குவதே மேல் என்பேன். அதற்கு முன் பிட்லாக்கர் குறியாக்கத்தை முழுவதும் நீக்கியிருக்க வேண்டும்.

உபுண்டுவுக்குக் குறைந்தது 25 ஜிபி வேண்டும்; 50 ஜிபி ஒதுக்க விரும்பினால், எம்பி கணக்கில் 51200 என்று இடுங்கள். கிடைத்த இடத்தில் புதிய டிரைவ் எதையும் உருவாக்காமல் 'அன்அலொகேட்டட்' ஆகவே விடுங்கள். டைனமிக் டிஸ்க்காக மாற்றலாமா என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

சுருக்கி முடித்ததும், அணைத்த பேஜிங் கோப்பையும் சிஸ்டம் புரொடெக்‌ஷனையும் திரும்ப இயக்கிவிடுங்கள். உபுண்டு நிறுவியில் அந்தக் காலியிடத்தை மட்டும் தேர்ந்து, லினக்ஸ் பயன்படுத்தும் இஎக்ஸ்டி4 கோப்பு வடிவில் அமையுங்கள். பக்கத்தில் தெரியும் சிறிய இஎஃப்ஐ பகுதியை (கணினியைத் தொடங்கவைக்கும் கோப்புகள் உள்ள இடம்) ஃபார்மட் செய்தால் விண்டோஸ் தொடங்காது.