ஃப்ரீபிஎஸ்டியை சோர்ஸிலிருந்து புதுப்பிக்கிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

ஃப்ரீபிஎஸ்டி யூனிக்ஸ் வகை ஆபரேட்டிங் சிஸ்டம். அதன் புரோகிராம்களை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்யும் 'மேக் பில்ட்வேர்ல்டு' கட்டளையைத் தட்டிவிட்டுத் திரையில் வரிகள் ஓடுவதைப் பார்ப்பது ஒரு சுகம். பழைய லேப்டாப் என்றால் பல மணி நேரம் ஓடும். பலரும் பயப்படுவது இந்தக் கட்டத்துக்குத்தான். ஆனால் கம்பைல் பாதியில் நின்றாலும் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்துக்கு ஒன்றும் ஆகாது. மெஷின் படுப்பதெல்லாம் அதற்குப் பிறகு, இன்ஸ்டால் செய்யும்போது.

முதல் தவறு வரிசையை மாற்றுவது. சிஸ்டத்தின் மையமான கெர்னலை இன்ஸ்டால் செய்து, ரீபூட் செய்து, அது ஒழுங்காக எழுந்த பிறகே இன்ஸ்டால்வேர்ல்டு, அதாவது மற்ற புரோகிராம்களை இன்ஸ்டால் செய்யும் கட்டளை. பழைய புரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் சிஸ்டம் கால் புதிய கெர்னலுக்குப் புரியும். புதிய புரோகிராம் கேட்பது பழைய கெர்னலுக்குப் புரியாமல் போகலாம். உதாரணமாக, 2017 மே மாதம் கரண்ட் கிளையில் (இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும் பதிப்பு) ஐநோடு எண்கள், அதாவது கோப்புகளின் உள் அடையாள எண்கள், 64 பிட்டுக்கு மாறின. நடுவில் வரும் அந்த ஒரு ரீபூட்டுக்குச் சோம்பல்பட்டால் கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கூட ஓடாத நிலை. இந்த எச்சரிக்கை சோர்ஸுடன் வரும் 'அப்டேட்டிங்' கோப்பிலேயே இருந்தது. அதை முதலில் படிப்பவர்கள் குறைவு. மெஷின் படுத்த பிறகு தேடிப் படிப்பவர்கள்தான் அதிகம்.

கரண்ட் என்றால் 'லேட்டஸ்ட், அதனால் வேகம்' என்று நினைத்து இறங்குவதும் வீண். அதன் ஜெனரிக் (வழக்கமான) கெர்னலில் விட்னஸ், இன்வேரியன்ட்ஸ் போன்ற பிழைதேடும் சோதனைகள் ஓடிக்கொண்டே இருக்கும்; மெஷின் மந்தமாகத்தான் இருக்கும். அந்தச் சோதனைகள் இல்லாத ஜெனரிக்-நோடீபக் கெர்னலை எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை. சர்வருக்கு என்றால் கரண்ட் பக்கமே போகாதீர்கள்.

அடுத்தது இடிசிஅப்டேட், அதாவது /etc-இல் இருக்கும் அமைப்புக் கோப்புகளைப் புதியவற்றோடு இணைக்கும் கருவி. இன்ஸ்டால்வேர்ல்டுக்கு முன்னால் ஒருமுறை '-p' கொடுத்து ஓட்ட வேண்டும். புதிதாகத் தேவைப்படும் யூசர், குரூப் எல்லாம் அப்போதுதான் சேரும். இன்ஸ்டால்வேர்ல்டுக்குப் பிறகு இன்னொரு முறை. முரண்பாடு வந்து 'உன்னுடையதா, எங்களுடையதா' என்று கேட்கும்போது, தூக்கக் கலக்கத்தில் யூசர் கணக்குகள் இருக்கும் master.passwd கோப்புக்கு 'tf' ('எங்களுடையதே முழுதாக') தட்டினால் முடிந்தது: நீங்கள் உருவாக்கிய யூசர்கள் யாரும் இருக்க மாட்டார்கள், ரூட்டுக்குப் பாஸ்வேர்டும் இருக்காது.

டிஆர்எம்-கேமாட் (கிராஃபிக்ஸ் டிரைவர்கள்) மாதிரி போர்ட்ஸிலிருந்து, அதாவது அடிப்படை சிஸ்டத்துக்கு வெளியே இருக்கும் மென்பொருள் தொகுப்பிலிருந்து வந்த கெர்னல் மாட்யூல்களை மறுபடி கட்டாமல் விட்டால் திரை கறுப்பாகத்தான் வரும். அதேபோல பழைய லைப்ரரிகளை நீக்கும் 'டெலீட்-ஓல்டு-லிப்ஸ்' கொடுக்க அவசரப்படாதீர்கள். பழைய லைப்ரரியை நம்பியிருக்கும் பேக்கேஜ்களைப் புதுப்பித்த பிறகு கொடுக்கலாம்.

இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்கள் ஆரம்பிக்கும் முன் 'bectl create' கொடுத்து ஒரு பூட் என்விரான்மென்ட் (இப்போதைய சிஸ்டத்தின் பூட் ஆகக்கூடிய பிரதி) எடுத்துவிடுங்கள், ஒரு நொடி வேலை. எது சொதப்பினாலும் பூட் மெனுவில் பழையதைத் தேர்ந்தெடுத்துத் திரும்பிவிடலாம். ஆனால் எல்லாம் நன்றாக முடிந்த குஷியில் அன்றைக்கே 'இசட்பூல் அப்கிரேட்' தட்டாதீர்கள். புதிய அம்சங்கள் ஏறிய பூலை (இசட்எஃப்எஸ் டிஸ்க் தொகுப்பு) பழைய கெர்னலால் திறக்க முடியாமல் போகலாம். திரும்பும் வழி அதோடு அடைபடும். யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த ஃபர்ம்வேர்) மெஷின் என்றால் இன்னொரு குழி: இஎஃப்ஐ பார்ட்டிஷனில் இருக்கும், கெர்னலை ஏற்றும் பூட்லோடரை இன்ஸ்டால்வேர்ல்டு தொடாது, நீங்கள்தான் கையால் நகலெடுத்து வைக்க வேண்டும். பூலை மேம்படுத்துவதற்கு முன்னால்.